சீரிஸ் போர்டில் 40 வாட்ஸ் பல்பு பளிச், 100 வாட்ஸ் மங்கல்: ஏன்?

சால்டர்_மணம்:
சீரிஸ் போர்டில் (பழுது பார்க்கிற சாமானுக்கு ஒரு பல்பு வழியா கரண்ட் கொடுத்துச் சோதிக்கிற போர்டு) 100 வாட்ஸ் குண்டு பல்பு மாட்டியிருக்கேன். சாக்கெட்டில் 40 வாட்ஸ் குண்டு பல்பைச் சொருகினா 40 நல்லா எரியுது, 100-ல் இழை லேசாச் சிவக்கிறதோட சரி. தனித்தனியா போட்டா ரெண்டும் சரியா எரியுது. கணக்கு எங்கே இடிக்குது? 100-க்குப் பதிலா 9 வாட்ஸ் எல்இடி போட்டுக்கலாமா?

பழைய_ஒயர்மேன்:
தம்பி, பல்பு மேல போட்டிருக்கிற வாட்ஸ், 230 வோல்ட் முழுசாக் கிடைச்சாத்தான் செல்லும். சீரிஸில் அது கிடைக்காது. அதனால வாட்ஸை விட்டுட்டு இழையோட ரெசிஸ்டன்ஸைப் பாருங்க.

வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்ஸால் வகுத்தா ரெசிஸ்டன்ஸ், அதாவது தடை, கிடைக்கும். 100 வாட்ஸுக்கு 230 × 230 ÷ 100 = 529 ஓம். அதே கணக்கில் 40 வாட்ஸுக்கு 1322 ஓம். வாட்ஸ் குறைஞ்ச பல்புக்கு இழை மெலிசு, தடை கூட. ரெண்டும் சேர்ந்து 1851 ஓம், ஓடுற கரண்ட் 0.124 ஆம்பியர். சீரிஸில் கரண்ட் ரெண்டுக்கும் ஒண்ணுதான், தடை கூட இருக்கிற பக்கம் வோல்ட் கூட விழும். 40-க்கு 164 வோல்ட், 100-க்கு 66. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினா 40-க்கு 20 வாட்ஸ், 100-க்கு 8.

மல்டிமீட்டர்_முனை:
அண்ணன் கணக்கு சரி. ஆனா நேர்ல வித்தியாசம் இதைவிட அதிகமாத் தெரியும். பல்பைக் கழற்றி மீட்டர்ல வச்சுப் பாருங்க, 100 வாட்ஸ் பல்பு 529 காட்டாது, 40 ஓம் பக்கம்தான் காட்டும். டங்ஸ்டன் இழை சூடானாத்தான் தடை ஏறும். சீரிஸில் 100 சூடாகாம தடை இறங்கியே கிடக்கு, அதனால அதுல விழுற வோல்ட்டும் குறையுது. ஏறக்குறைய 190 வோல்ட் 40-லயே விழுந்துடும். 40-க்கு 30 வாட்ஸ் கிடைக்கும், 100-க்கு 6 கிடைச்சா அதிகம். பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடுற நொடியில் ஃப்யூஸ் போறதும் இதனாலதான்: குளிர்ந்த இழையில் முதல்ல பல மடங்கு கரண்ட் பாயுது.

மூணு_பேஸ்:
போர்டில் எல்இடி வேண்டவே வேண்டாம். உள்ளே டிரைவர் (எல்இடிக்கு வேண்டிய கரண்டைக் கொடுக்கிற சர்க்யூட்) இருக்கு, குண்டு பல்பு மாதிரி வெறும் தடை இல்லை. அது விடுற கரண்ட் 0.1 ஆம்பியர்கூட இருக்காது, சோதிக்கிற சாமானுக்கு வோல்ட்டே போகாது. லேசான லீக்கேஜுக்கும் எல்இடி மினுக்கும், எதுல பழுதுன்னு தப்பா எடுத்துக்குவீங்க. 100 அல்லது 200 வாட்ஸ் குண்டு பல்புதான் சரி.

750 வாட்ஸ் அயர்ன் பாக்ஸைச் சொருகினாலும் 100 கிட்டத்தட்ட முழுசா எரியும், அதோட தடை 70 ஓம்தானே. சாமான் ஷார்ட் ஆனாலும் பல்பு முழுசாத்தான் எரியும், அதனால இதை ஷார்ட்னு முடிவு பண்ணிடாதீங்க, மீட்டர்ல ஓம் பார்த்துட்டுச் சொல்லுங்க.

ஒயரிங்கையும் பாருங்க: பேஸ் சுவிட்சுக்கு, அங்கிருந்து பல்புக்கு, பல்பிலிருந்து சாக்கெட்டுக்கு. நியூட்ரல் நேரா சாக்கெட்டுக்கு. பல்பு நடுவுல இருக்கேன்னு சாக்கெட் முனையைத் தொட்டுடாதீங்க. 100 வாட்ஸ் பல்பு வழியா 0.4 ஆம்பியர் வரைக்கும் போகும். ஆளைக் கொல்ல அதுல பத்தில் ஒரு பங்கே போதும். போர்டுக்கு முன்னாடி 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம் இருக்கணும்.