வயோலா டெஸ்மண்டுக்கு ‘மன்னிப்பு’? வேறு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

வணக்கம், மடற்குழு நண்பர்களே. ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பத்து டொலர் தாளில் இருக்கும் வயோலா டெஸ்மண்ட் பற்றி ஒரு பாடம் எழுதினேன். 1946 நவம்பர் 8, நோவா ஸ்கோசியாவின் நியூ கிளாஸ்கோவில் கார் பழுதாகிப் படம் பார்க்கப் போனவர். கறுப்பர் என்பதால் மாடி டிக்கெட்தான் கொடுத்தார்கள். கீழ்த்தள டிக்கெட்டுக்கான மிச்சக் காசைத் தருகிறேன் என்றும் வாங்கவில்லை, அவர் போய்க் கீழேயே இருந்துவிட்டார். இரவு முழுக்கச் சிறையில் கையுறைகூடக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். வழக்கோ, இரண்டு டிக்கெட்டுக்கும் இடையிலான ஒரு சத வரியை ஏய்த்தார் என்று! 20 டொலர் அபராதம், செலவு 6.

2010இல் மாகாண அரசு ‘ஃப்ரீ பார்டன்’ கொடுத்தது, அதாவது அவர் குற்றமே செய்யவில்லை என்று ஏற்றுத் தண்டனையை நீக்கியது. அதை ‘மன்னிப்பு வழங்கியது’ என்று எழுதினேன். ஒரு பிள்ளை கேட்டது: “அவ பிழை ஒண்டும் செய்யேல்லையே ரீச்சர், பிறகேன் மன்னிப்பு?” போதாததற்கு அரசு அன்று மன்னிப்பும் கேட்டது. கொடுத்ததும் மன்னிப்பு, கேட்டதும் மன்னிப்பு! கொடுத்ததற்கு வேறு சொல் சொல்லுங்கள்.

*

‘பொதுமன்னிப்பு’ இருக்கிறதே? இலங்கையில் சனாதிபதி தனி ஒருவருக்குக் கொடுப்பதையும் அப்படித்தானே எழுதுகிறார்கள்.

*

அதிலும் மன்னிப்பு ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது! மன்னி என்பதே பழைய சொல்லாகத் தெரியவில்லை, தெலுங்கு ‘மன்னிஞ்சு’வோடு சேர்த்துப் பாருங்கள். மன்னன் கொடுப்பதால் மன்னிப்பு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், அதற்கு நான் தனி மடல் எழுத வேண்டியிருக்கும். நம் சொல் பொறுத்தல். ‘பொறுத்தல் இறப்பினை என்றும்’ என்பது குறள். ஆகவே ‘பொறுத்தருளல்’.

*

ஐயா, அந்தக் குறளில் இறப்பு என்றாலே வரம்பு மீறல்தானே? அப்போது அவர் வரம்பு மீறினார் என்றாகிறது. அதோடு அருளல் வேறு! சிலம்பில் பாண்டியன் கண்ணகிக்கு அருளவா செய்தான்? ‘யானே கள்வன்’ என்றான். அந்தத் தொனியில் சொல் வேண்டும்.

*

நீதிமன்ற மொழிபெயர்ப்பில் இருப்பவன் என்ற முறையில்: ‘விடுதலை’ போடாதீர்கள், அது தீர்ப்பில் வருவது. இங்கே தீர்ப்பே தவறு என்று அரசு ஏற்கிறது. அவர் 1965இலேயே இறந்துவிட்டார். அந்த ‘ஃப்ரீ பார்டன்’இல் கையெழுத்திட்ட துணைநிலை ஆளுநர் மேயன் பிரான்சிஸும் கறுப்பினப் பெண், பாடத்தில் சேருங்கள். என் வாக்கு ‘பழிநீக்கம்’.

*

பழி வேறு, தண்டனை வேறு. ஊர் சொன்னாலும் பழிதான். ‘குற்றத்துடைப்பு’ என்றால் பதிவேட்டிலிருந்து போனது தெரியும்.

*

துடைப்பு என்றால் என் மாணவர்களுக்குத் துடைப்பம்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று, பாடத்தில் ‘இன ஒதுக்கீடு’ என்று ஒரு இடத்தில் விழுந்திருக்கிறது அக்கா. ஒதுக்கல் என்று மாற்றுங்கள். தமிழ்நாட்டில் ஒதுக்கீடு என்றால் உள்ளே இடம் கொடுப்பது, நீங்கள் சொல்ல வருவது வெளியே தள்ளுவது.

*

ஐயோ, நன்றி, மாற்றிவிட்டேன். நாலு பேர் ‘பழிநீக்கம்’ என்கிறீர்கள், அதையே போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன். 2021இல் அபராதத்துக்கு ஈடாக அரசு அவருடைய தங்கைக்குப் பணம் கொடுத்ததையும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், பிள்ளைகளுக்கு அதுவே விளக்கம்.

*

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பொறுத்தருளல் பற்றிய மடல் நாளை வரும்.