பந்தயமும் ஓட்டிக்கொண்டு படகும் வரைய முடியுமா?

நீலப்பாய்:
சென்னையில் கப்பல் வடிவமைப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனி, ஞாயிறு துறைமுகத்துக்குள் லேசர் ரேடியல் என்ற ஒற்றையாள் பாய்மரப் படகு ஓட்டுகிறேன் (லேசரில் சின்னப் பாய் கொண்ட வகை, இப்போது இல்கா 6 என்கிறார்கள்). "ரெண்டில் ஒன்றை விடு, இல்லாவிட்டால் ரெண்டும் அரைகுறையாகத்தான் வரும்" என்கிறார் அப்பா. இரண்டையும் செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

டொராண்டோ வள்ளம்:
தம்பி, நீர் ஓட்டுகிற படகே அப்படி ஒருவர் வரைந்ததுதான். புரூஸ் கர்பி, ஒட்டாவாக்காரர். கனடாவுக்காக மூன்று ஒலிம்பிக் போனவர்: 1956, 1964இல் ஃபின் படகு, 1968இல் ஸ்டார். பதக்கம் இல்லை. பிழைப்பு என்ன தெரியுமோ, பத்திரிகை! ஒட்டாவாவிலும் மான்ட்ரியலிலும் நாளிதழ் வேலை, அப்புறம் அமெரிக்காவில் பாய்மரப் பந்தய இதழ் ஒன்றின் ஆசிரியர். படகு வரையப் பட்டம் ஒன்றும் வாங்கவில்லை, தானே படித்துக்கொண்டார்.

அவருக்குப் பள்ளிக்கூடம் இன்டர்நேஷனல் 14 என்ற படகு வகை. அதில் நீளம், எடை போன்றவற்றுக்கு வரம்பு உண்டு, அதற்குள் அடிப்பகுதியை உம் விருப்பப்படி வளைக்கலாம். 1958இல் தனக்கென ஒன்று வரைந்தார். பிறகு அதையே திருத்தித் திருத்தி அடுத்தடுத்த வடிவங்கள். வரைந்தது சரியா பிழையா என்று பந்தயத்தில் பக்கத்துப் படகே காட்டிக்கொடுத்துவிடும்.

1969இல் நண்பர் இயன் புரூஸ் தொலைபேசியில் கூப்பிட்டு, காரின் கூரையில் ஏற்றிப் போகக்கூடிய சின்னப் படகு ஒன்று வேண்டும் என்றார். பேசிக்கொண்டே கர்பி தாளில் கிறுக்கியதுதான் லேசர். இயன் புரூஸிடம் படகு கேட்ட நிறுவனம் கைவிட்டுவிட, படம் கிடப்பில் கிடந்தது. 1970இல் ஆயிரம் டாலருக்குள் அடங்கும் படகுகளுக்கென ஒரு பந்தயம் வரவும்தான் அதைக் கட்டிப் பார்த்தார்கள். பாய் தைத்துக் கொடுத்தவர் ஹான்ஸ் ஃபோக், அவரும் ஒலிம்பிக் வீரர். 1971 ஜனவரியில் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 144 படகுகள் விற்றன. இன்றுவரை 2 லட்சத்துக்கு மேல் கட்டியாயிற்று.

தொலைபேசியில் பேசும்போது கிறுக்கிய படம் என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு அது பாதிக்கதை. அதற்கு முன் பதினொரு வருசம் 14 அடிப் படகுகளை வரைந்து, அவற்றிலேயே ஓடி வென்றும் தோற்றும் பழகிய கை அது. அப்பாவிடம் இதைச் சொல்லும்.

கரைக்காற்று:
நல்ல கதைதான், ஆனால் ஒரு விஷயம். லேசரில் எல்லாப் படகும் ஒன்றே. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னை நேத்ரா குமணன் ரேடியல் ஓட்டினார், அங்கே படகைக்கூட அமைப்பாளர்களே கொடுத்தார்கள். வடிவத்தை மாற்ற விதி விடாது. வடிவமைக்க ஆசைப்படுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? வடிவத்தில் கை வைக்க இடம் தரும் மாத் (ஒற்றையாள் பந்தயப் படகு) மாதிரி வகைதான் உங்களுக்குச் சரி. இன்னொரு பெயரும் சொல்கிறேன்: ஜூலியன் பெத்வெயிட், சிட்னிக்காரர், 18 அடி ஸ்கிஃப் என்ற வேகப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் சாம்பியன். அவர் வரைந்த 49இஆர் படகில்தான் வருண் தக்கரும் கணபதியும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கினார்கள்.

டொராண்டோ வள்ளம்:
கரைக்காற்று சொல்வது நியாயம். ஆனால் சென்னையில் மாத் எங்கே கிடைக்கும்? அதைக் கட்டும் கார்பன் இழையின் விலைக்கு அப்பாவின் கோபம் இரட்டிப்பாகும்.

நீலப்பாய்:
கிடைக்காதுதான் 😄 அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது அண்ணா?

டொராண்டோ வள்ளம்:
உமது கிளப்பில் யாரும் தொடாத பழைய ஆப்டிமிஸ்ட் (பிள்ளைகள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு) ஒன்று கிடக்கும். அதைக் கவிழ்த்துப் போட்டு, அளவு நாடாவும் தூக்குக்குண்டும் வைத்து அடிப்பகுதி முழுவதையும் அளவெடும். கோட்டுப்படம் போட்டு, ஒரு பிள்ளை ஏறினால் எவ்வளவு அமிழும் என்று கணக்குப் பண்ணும். பிறகு நிஜமாகவே ஒரு பிள்ளையை ஏற்றித் தண்ணீரில் இறக்கி, நீர்க்கோட்டை அளந்து ஒப்பிடும். படத்தை இங்கே போடும், பார்க்கிறேன்.