ஆண்டவருக்குத் தன்னைக் கொடுத்துவிட்டு வாழ்கிறவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டிக்காரர்

ஆண்டவரிடம் தன்னை முழுசாக ஒப்புக்கொடுத்து வாழ்கிற ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், பார்த்தது போதும். நானே ஆரம்பிக்கிறேன்.

ஏற்காட்டில் ஒரு கன்னியர் இல்லத்துக்கு வயரிங் வேலைக்காகப் போய்வந்த காலத்தில் அங்கே ஒரு வயதான சிஸ்டர் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். திருப்பலி முடிந்ததும் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விடுவார். பீன்ஸ், சௌசௌ, ஓரமாகக் கொஞ்சம் மிளகுக் கொடி. பனி இறங்கி எதிரில் நிற்பவர் முகம் தெரியாத காலையிலும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு நிற்பார்.

ஒருநாள் அவருக்கு மாற்றல் கடிதம் வந்தது. கீழே, வெயில் ஊர் ஒன்றில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை. “இந்த வயசுல எதுக்கு சிஸ்டர்? முடியாதுன்னு சொல்லிப் பாருங்களேன்” என்றேன்.

“சொல்லியாச்சு தம்பி. மூட்டு வலி இருக்கு, வெயில் ஒத்துக்காதுன்னு மதர்கிட்டச் சொன்னேன். பொறுமையாக் கேட்டாங்க. அங்க ஆள் இல்ல, நீங்கதான் போகணும்னாங்க. சரின்னுட்டேன்.”

அந்தச் ‘சரி’யில் கசப்பே இல்லை. கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்: எந்தக் கடையில் விதை நன்றாக இருக்கும், தோட்டவேலைக்கு வரும் அம்மாவுக்கு எவ்வளவு பாக்கி, எந்தக் குழாய் ஒழுகும் என்பது வரைக்கும். தனக்கென்று எடுத்துப் போனது ஒரே ஒரு பெட்டி.

துறவிகள் கொடுக்கும் வார்த்தைப்பாடுகள் மூன்று: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். வெளியில் இருக்கும் நாம் கற்புதான் கஷ்டம் என்று நினைக்கிறோம். அவரைக் கேட்டபோது யோசிக்காமல் கீழ்ப்படிதல் என்றார். ஏற்காட்டில் 1894-இல் பள்ளி தொடங்கிய குளூனி சபைச் சகோதரிகளின் நிறுவனர் ஆன்மரி ஜவுகே. கடவுளின் திருவுளம் என்பதுதான் அவர் வாழ்க்கை முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்த சொல். 1807-இல் பிரான்சில் ஆரம்பித்த சபை. அந்தச் சொல்லை நம்பி, திரும்பிப் போவோமா என்று தெரியாமல் கப்பல் ஏறிய பெண்களை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

செவ்வாப்பேட்டை வாசி

எங்கள் கொலுசுப் பட்டறையில் வெள்ளியைப் பற்றவைத்து ஒட்டும் அண்ணன் ஒருவர். சபையில் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பக்கம் வரமாட்டார். தீபாவளி நெருக்கத்திலும் அப்படித்தான். அந்த நேரத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்தால்தான் நாலு காசு பார்க்க முடியும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெள்ளி தரத்திலும் அவரிடம் விளையாட்டே கிடையாது. குறைத்துச் செய்யச் சொன்ன ஒரு வியாபாரியிடம் “என்னால ஆகாதுங்க” என்று சொல்லிவிட்டார். அந்த வேலை அத்தோடு கைவிட்டுப் போனது.

சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்த இடத்தில் கதை திரும்பும். போன ஆர்டர் இரட்டிப்பாக வந்தது, வீடு கட்டினார் என்று முடியும். இவருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கடன் வாங்கினார். மகள் காலேஜ் சேர்வது ஒரு வருஷம் தள்ளிப்போனது. அந்த வருஷமும் காணிக்கைக் கவரை நிறுத்தவில்லை. “கர்த்தர்கிட்டக் கொடுத்தது அவரோடது. திருப்பிக் கேக்கறதுக்கு அது சீட்டுப் பணமா?” என்று ஒருமுறை சொன்னார். ஆசீர்வாதத்துக்கு முன்பணம் மாதிரி ஒப்புக்கொடுத்தலைப் பேசுகிற செய்திகளை அதற்குப் பிறகு என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

புதிய உறுப்பினர்

எல்லாம் அவர் சித்தம் என்றால் நம் முயற்சி எதற்கு? உண்மையாகவே கேட்கிறேன்.

சூரமங்கலம் டீச்சர்

தம்பி, எங்கள் சிஎஸ்ஐ சபையில் ஒரு அக்கா இருக்கிறார். கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ். அக்கா காய்கறியை நறுக்கி வெந்நீரில் போட்டு வடித்து, பொட்டாசியம் குறைத்துத்தான் சமைப்பார். தண்ணீரை அளந்துதான் கொடுப்பார். காப்பீட்டு அட்டைக்காக விடியற்காலையில் வரிசையில் நின்றவர், ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் மறுநாளும் போய் நின்றவர். கைகட்டி உட்கார்ந்ததாக நான் பார்த்ததே இல்லை.

பெண்கள் ஐக்கிய சங்க ஜெபத்தில் அவர் முறை வரும்போது, “ஆண்டவரே, இவர் எனக்கு வேணும்” என்றுதான் தொடங்குவார். அழுவார். அப்புறம், “உம்முடைய சித்தம் ஆகட்டும்” என்பார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நம் இயேசுவும் முதலில் அந்தத் துன்பப் பாத்திரம் நீங்கும்படிதானே கேட்டார்? கேட்காமல் விழுங்கிக்கொள்வதைப் பக்தி என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அக்காவைப் பார்த்த பிறகு நான் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. மேலே அந்தச் சிஸ்டர் மூட்டு வலியைச் சொல்லிவிட்டுச் சரி என்றாரே, அதைப் படித்ததும் இந்த அக்காதான் நினைவுக்கு வந்தார்.

அஸ்தம்பட்டிக்காரர்

நன்றி டீச்சர். கேட்டது கிடைக்காமலே தன்னை ஒப்புக்கொடுத்த இன்னொருவர் எனக்கு நினைவுக்கு வருகிறார். 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்ட அதே திருப்பலியில் பிரெஞ்சுத் துறவி சார்லஸ் தெ ஃபூக்கோவும் புனிதரானார். ஆரல்வாய்மொழி அருகே 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர் தேவசகாயம். ஃபூக்கோ சகாராவில் தனியாக வாழ்ந்து 1916-இல் கொல்லப்பட்டவர். “தந்தையே, என்னை உம் கையில் விடுகிறேன், என்ன செய்தாலும் நன்றி” என்ற பொருளில் அவர் பெயரால் வழங்கும் செபத்தைத் தியானங்களில் சொல்கிறோம். தன்னோடு சகோதரர்கள் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சபைக்கு விதிமுறைகூட எழுதினார். சாகும்வரை ஒருவரும் நிலைத்து வந்து சேரவில்லை. அவர் ஆன்மீகத்தைப் பின்பற்றும் சபைகள் எல்லாம் பிறகு வந்தவை.

செவ்வாப்பேட்டை வாசி, உங்கள் அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

செவ்வாப்பேட்டை வாசி

பொண்ணு நர்சிங் சேர்ந்துவிட்டது. கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. போன மாசம் வேறொரு வியாபாரி அதே மாதிரி கேட்டு வந்தார். அண்ணன் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.