கலைச்சொல்: பைசெக்டுக்கு என்ன வைக்கலாம்?

வணக்கம். நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளின் திரைச் செய்திகளைத் தமிழாக்கும்போது 'பைசெக்ட்' (bisect) என்ற கட்டளையில் முட்டி நிற்கிறேன். ஞாயிறுக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். அதன் வேலை இது: முன்பு ஓடிய நிரல் இப்போது ஓடவில்லை. நடுவில் ஆயிரம் கமிட், அதாவது பதிந்துவைத்த மாற்றங்கள். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று காட்டினால் கிட் நடுவிலுள்ளதை எடுத்துத் தரும். சோதித்துச் சொன்னால் ஒரு பாதி கழியும். பத்துச் சுற்றில் குற்றவாளி அகப்படும். 'இருசமவெட்டல்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

> இருசமவெட்டல்

அது வடிவியல். கோண இருசமவெட்டி படித்தவர் கவராயத்தைத் தேடுவார். கிளைகள் பிரிந்து சேர்ந்த வரலாற்றில் எப்போதும் சரிபாதி கிடைக்காது. பில்ட் ஆகாத, அதாவது ஓடும் நிரலாகத் தொகுக்க முடியாத கமிட்டை ஸ்கிப் செய்து தாண்டினால் இன்னும் கோணும். 'ஈர்தேடல்' எனலாம். ஈர் இரண்டு, ஈர்தல் அறுத்தல். 334ஆம் குறளில் நாளே உயிரை ஈரும் வாள். ஈர்ந்த, ஈர்கின்ற, ஈரும் தேடல்: அருமையான வினைத்தொகை!

> ஈர் இரண்டு

உயிரெழுத்துக்கு முன்தான் ஐயா. ஈராயிரம், ஈருருளி, ஆனால் இருபொருள், இருகூறு. தகரத்துக்கு முன் வாள் மட்டுமே மிஞ்சும். (பேனோடு சேர்ந்த ஈரும் உண்டு. பிழை பார்ப்பதும் பேன் பார்ப்பதும் ஒன்றுதான் என்றால் எனக்குச் சம்மதம்.)

திரையில் வரும் வரியில் வைத்துப் பாருங்கள்: 'ஈர்தேடுகிறது: இதன்பின் சோதிக்க 675 மாற்றங்கள், ஏறத்தாழ 10 படிகள்'. யாருக்குப் புரியும்? 'பாதித்தேடல்' போதும்.

> பாதித்தேடல்

அரைகுறையாகத் தேடிவிட்டு எழுந்து போனது போல இருக்கிறது. வேகமாகப் படித்தால் 'பாதிப்பு' வேறு எட்டிப் பார்க்கிறது. புரியவில்லை என்றே விட்டிருந்தால் 'கணினி'யும் வந்திருக்காது.

அப்புறம், நல்லது கெட்டது என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒரு பிழை எந்தக் கமிட்டில் சரியானது என்று தேடினால் பழையதுதான் கெட்டது. அதற்காகவே கிட் 2.7 பதிப்பு முதல் பழையது, புதியது என்றும் கொடுக்கலாம். அவற்றையும் மொழிபெயர்த்தீர்களா?

> மொழிபெயர்த்தீர்களா?

ஆயிற்று. 'இருகூறு' என்று எடுத்துக்காட்டிலேயே வந்துவிட்டதால் 'இருகூறிட்டுத் தேடல்' என்று வைத்துக்கொள்கிறேன். தனிமடலில் இருவர் சரி என்றார்கள், பெரிய உற்சாகம் இல்லை. கட்டளையை எப்படியும் பைசெக்ட் என்றுதான் தட்ட வேண்டும். முன்பு ஓடியது கெட்டுப்போகும் ரிக்ரெஷனுக்குப் 'பின்னடைவு' போட்டிருக்கிறேன். அதை யாரும் இப்போது கிளப்ப வேண்டாம்.

> இருகூறிட்டுத் தேடல்

ஐந்தெழுத்தில் வினைத்தொகை இருக்க, இவ்வளவு நீளம் எதற்கு? என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும். பின்னடைவு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.