லண்டனிலிருந்து தெற்கு பிரான்ஸ்: ரயிலா, விமானமா?

நித்யா (ஹாரோ):
ஜூலை மூன்றாவது வாரம் தெற்கு பிரான்ஸ் போகிறோம். அவிஞ்ஞோனுக்குப் பக்கத்தில் கார்ப்பந்த்ராவில் வீடு பிடித்தாயிற்று. நாங்கள் இருவர், எட்டு வயதுப் பையன், சென்னையிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறவே முடியாது. கணவர் ரயில் என்கிறார்: லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ஸ்டேஷனிலிருந்து யூரோஸ்டார் ரயிலில் பாரிஸ், அங்கே ஸ்டேஷன் மாறி டிஜிவி என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலில் அவிஞ்ஞோன், பிறகு உள்ளூர் ரயில். எனக்கோ மார்செய் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார் என்பதுதான் சரியாகப் படுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கதிரவன்:
விமானம்தான், இரண்டாம் யோசனையே வேண்டாம். ஹீத்ரோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மார்செய். ரயில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். செயின்ட் பான்க்ரஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் போக வேண்டும். பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷன் வரை 2 மணி 20 நிமிடம். அங்கிருந்து பெட்டிகளோடு கார் து லியோன் என்ற இன்னொரு ஸ்டேஷன் போய்க் காத்திருந்து, அவிஞ்ஞோனுக்கு இன்னொரு 2 மணி 40 நிமிடம். அதற்குப் பிறகும் கார்ப்பந்த்ரா. முழுப் பகலும் போய்விடும். முழங்கால் வலிக்காரரை இப்படி ஏற்றி இறக்குவது கொடுமை.

ரயில்நேசன்:
கதிரவன், விமானத்துக்குப் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு ரயிலுக்கு வாசலிலிருந்து கணக்குப் போடுவது நியாயமில்லை. விமான நிலையத்தில் பெட்டி ஒப்படைக்க ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை, மார்செயில் குடிநுழைவுக்கு ஒரு வரிசை, கார் சாவி வாங்க இன்னொன்று. ஐந்து பேருக்கும் பெட்டிக்கும் இடமுள்ள கார் ஜூலையில் என்ன விலை என்றும் பாருங்கள்.

யூரோஸ்டாரில் பிரெஞ்சுக் குடிநுழைவுச் சோதனை செயின்ட் பான்க்ரஸிலேயே முடிந்துவிடும். இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். அதைவிட முக்கியம், பாதை. 2001-இல் திறந்த அதிவேகத் தடத்தில் வாலான்ஸ் தாண்டியதும் வெளிச்சமே வேறாகிவிடும். ஓட்டுக்கூரைகள் வெளிறும், காற்றைத் தடுக்க வரிசையாக நட்ட சைப்ரஸ் மரங்கள் தொடங்கும். அவிஞ்ஞோனை நெருங்கும்போது இடப்பக்க ஜன்னலில் 1,910 மீட்டர் வொந்தூ மலை தெரியும். கோடையிலும் பனி மூடியது போல வெள்ளையாக இருக்கும், அது சுண்ணாம்புக்கல். அந்த மலையடிவாரத்துக்குத்தான் போகிறீர்கள். மேகத்துக்கு மேலே பறந்துபோய் இறங்கினால் இதில் ஒன்றும் கிடைக்காது. பையனுக்கு இந்தப் பயணமே பாதி விடுமுறை.

கதிரவன்:
காட்சியால் முழங்கால் வலி குறையாது, நண்பரே. கார் து நோரில் ஆர்.இ.ஆர். டி என்ற புறநகர் ரயிலைப் பிடிக்க நிலத்தடியில் இறங்க வேண்டும். இரண்டாவது நிறுத்தம்தான், ஆனால் ஜூலை வெயிலில் பெட்டியோடு அந்தக் கூட்டத்தில் பெரியவர்களைக் கூட்டிப் போவது எப்படி? டிஜிவி பெரும்பாலும் இரண்டு தளம் உள்ளது. மேல்தளத்தில் இடம் கிடைத்தால் குறுகலான படி. யூரோஸ்டார் தாமதமானால் அடுத்த ரயிலும் போச்சு. விமானத்தில் ஏறினால் இறங்குமிடம் ஊர். நடுவில் தவறவிட ஒன்றுமில்லை.

செல்வி (பாரிஸ்):
நித்யா தங்கச்சி, நீங்கள் ரெண்டு பேரும் பாரிஸ வச்சுத்தான் சண்டை பிடிக்கிறியள். பாரிஸுக்கு ஏன் வாறியள்? வட பிரான்சில இருக்கிற லில்லில மாறுங்கோ. லண்டனிலயிருந்து லில் ஒன்றரை மணித்தியாலம்தான். லில் யூரோப் ஸ்டேஷனிலேயே மார்செய் போற டிஜிவி வரும், அதில கனக்க ரயில் அவிஞ்ஞோனில நிக்கும். ஸ்டேஷன் மாறத் தேவையில்லை, லிஃப்ட் இருக்கு. லில்லில நிக்கிற யூரோஸ்டார் குறைவு, அதால முதல் டிஜிவி நேரத்தைப் பாத்து, அதுக்குத் தோதா யூரோஸ்டார எடுங்கோ. இருக்கை எடுக்கேக்க கீழ்த்தளம் எண்டு குறியுங்கோ. நடக்க ஏலாதவைக்கு ரெண்டு ரயிலிலும் உதவிச் சேவை இலவசம், முன்கூட்டியே பதிய வேணும்.

பாரிஸால வாறதெண்டால் நிலத்தடிக்கு இறங்காதேங்கோ, டாக்ஸி பிடியுங்கோ. கார் து நோரிலயிருந்து லா ஷப்பல் நடை தூரம், எங்கட சாப்பாட்டுக்கடை எல்லாம் அங்கதான். இடியப்பமும் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு டிஜிவியில ஏறலாம்.

இன்னொண்டு: மாமா மாமிக்கு பிரான்சுக்கு வாற ஷெங்கன் விசா எடுத்தாச்சோ? பிரித்தானிய விசிட் விசாவில வந்தவை லண்டனில வச்சு விண்ணப்பிக்கப் பொதுவா ஏலாது.

நித்யா (ஹாரோ):
அக்கா, விசா சென்னையிலேயே வாங்கிவிட்டோம். லில் வழி இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது, மிக்க நன்றி! தாமதம் பற்றிக் கதிரவன் சொன்னதுதான் உறுத்துகிறது.

ரயில்நேசன்:
இரண்டு டிக்கெட்டையும் ஒரே பரிவர்த்தனையில், ஒரே நிறுவனத்திடம் வாங்கப் பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். காரில் போனால் மட்டும் தாமதம் இல்லையா? ஜூலை சனிக்கிழமைகளில் ஏ7 நெடுஞ்சாலை எப்படி நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

கதிரவன்:
அந்த நெரிசல் பெரும்பாலும் தெற்கு நோக்கி. மார்செயிலிருந்து இவர்கள் வடக்கே போகிறார்கள், எதிர்த்திசை. ஏ7-ஐக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம்.

லில் ஏற்பாடு பாரிஸைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பும்போது பாஸ்போர்ட், பாதுகாப்புச் சோதனை எல்லாம் லில்லில் நடக்கும். அங்கே யூரோஸ்டாரைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பத்து நாள் வெயிலில் அலைந்து களைத்த பெரியவர்களுக்கு அது வேண்டாம். போகும்போது ரயில், வரும்போது மார்செயிலிருந்து விமானம் என்றால் கூட ஒத்துக்கொள்வேன்.

செல்வி (பாரிஸ்):
அதுவும் நல்லதுதான். அவிஞ்ஞோன் டிஜிவி ஸ்டேஷன் ஊருக்கு வெளியில. ஆனா அங்கயிருந்தே கார்ப்பந்த்ராவுக்கு நேர் ரயில் இருக்கு, 2015-இல திறந்தது, அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கார்ப்பந்த்ராவில வெள்ளிக்கிழமை சந்தை, விட்டிடாதேங்கோ.

கதிரவன்:
ஊர் சுற்றக் கார் எப்படியும் வேண்டும், நித்யா. அதை அவிஞ்ஞோன் டிஜிவி ஸ்டேஷனிலேயே எடுத்து மார்செய் விமான நிலையத்தில் விடலாம். 1947-இல் தொடங்கிய நாடக விழா ஜூலையில் அவிஞ்ஞோனில் நடக்கும், கார்கள் சீக்கிரம் தீரும். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.