முதல் பத்து நிமிடங்கள்: சிறு குழந்தைகளை வகுப்பறைக்குள் வரவேற்பது எப்படி?

கேள்வி – இரண்டாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகள் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்துவிட்டு, இந்தக் கல்வியாண்டில்தான் முதல்முறையாக இரண்டாம் வகுப்பின் வகுப்பாசிரியை ஆகியிருக்கிறேன். வகுப்பில் 32 குழந்தைகள் இருக்கிறார்கள். பெரிய மாணவர்களிடம் புத்தகத்தை எடுக்கச் சொன்னால் பாடம் தொடங்கிவிடும். ஏழு வயதுக் குழந்தைக்கு வகுப்புக்குள் நுழைவதே தனியொரு வேலை என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதுவரை மூன்று முயற்சிகள் செய்தேன். கதவில் ஒரு படப் பலகையை ஒட்டி, கைகுலுக்கல், உள்ளங்கைத் தட்டு, அணைப்பு, கையசைப்பு ஆகியவற்றுள் குழந்தை எதைத் தொட்டுக் காட்டுகிறதோ அப்படியே வரவேற்றேன். சுவர்களை வண்ணப் படங்களால் நிரப்பி, கூரையிலிருந்து தாள் வண்ணத்துப்பூச்சிகளைத் தொங்கவிட்டேன். அமைதியாக வந்து அமர்பவர்களுக்கு நட்சத்திர ஒட்டுப்படம் கொடுத்தேன். முதல் வாரம் திருவிழாவாக இருந்தது. மூன்றாம் வாரத்திலோ வரிசை கதவைத் தாண்டி நகரவில்லை. பாடம் நடக்கும்போது பாதிப் பேர் வண்ணத்துப்பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டுப்படம் தீர்ந்துபோன நாளன்று ஒருவரும் அமைதியாக அமரவில்லை.

இவற்றுக்கிடையே இரண்டு குழந்தைகளைப் பற்றிய கவலையும் இருக்கிறது. ஒரு சிறுமி தினமும் வாசலில் நின்று அழுகிறாள். ஒரு சிறுவன் பள்ளி திறந்து மூன்று வாரமாகியும் வகுப்பில் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பலகையில் எதையும் தொடாமல் ஒதுங்கி நிற்கிறான். ஆண்டு முழுவதும் களைப்பின்றிச் செய்யக்கூடிய வழிகள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 – கதவோரம்

வணக்கம் அம்மா. நீங்கள் தொடங்கியது தவறான வழியன்று; அதில் பார்வைக்கு அழகான பகுதியை எடுத்துக்கொண்டு, பயன்தரும் பகுதியை விட்டுவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வாசலில் நின்று வரவேற்பதைப் பற்றி கிளேட்டன் குக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நடுநிலைப் பள்ளியைச் சேர்ந்த பத்து வகுப்பறைகளில் நடந்தது. வரவேற்கப்பட்ட வகுப்புகளில் மாணவர்கள் பாடத்தில் ஈடுபட்டிருந்த நேரம் 20 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. இடையூறான நடத்தை 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. அவர்கள் உங்கள் குழந்தைகளைவிட மூத்தவர்கள் என்பதால் அந்த எண்களை அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த ஆசிரியர்கள் வாசலில் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். மாணவரைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள். உள்ளே சென்றதும் முதலில் செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டினார்கள். முந்தைய நாள் தடுமாறிய மாணவருக்கு மற்றவர் காதில் விழாதபடி ஊக்கமாக ஒரு வார்த்தை சொன்னார்கள். கைகுலுக்கலைப் பற்றி மட்டுமே பலரும் பேசுவதால் மற்றவை மறந்துபோகின்றன.

உங்கள் வரிசை நகராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். உள்ளே போனால் வேலை எதுவும் இல்லையென்றால் குழந்தை ஏன் நகரப் போகிறது? மேசை மேல் எளிதான, சரி தவறு என்று எதுவும் இல்லாத ஒரு வேலை காத்திருக்கட்டும். நான் ஒரு தாளில் முடிவுறாத கோடு ஒன்றை வரைந்து வைப்பேன்; அதை அவரவர் விரும்பிய படமாக முடிக்க வேண்டும். ஒரே வளைவு ஒருவருக்கு யானையாகிறது, மற்றொருவருக்குக் குடையாகிறது. பலகையை எடுத்துவிட வேண்டாம்; அதில் ‘தலையசைத்தால் போதும்’ என்ற படத்தையும் சேருங்கள். தொடுதலை விரும்பாத குழந்தை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. வரிசையில் நிற்கும்போதே தேர்ந்தெடுத்துவிட வேண்டும் என்று பழக்கினால் நேரமும் மிச்சமாகும்.

மறுமொழி 2 – வெறுஞ்சுவர்

வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி நான் சொல்வது உங்களுக்கு வருத்தம் தரலாம், ஏனென்றால் அவற்றை வெட்டி ஒட்ட எத்தனை மாலைகள் ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷரும் குழுவினரும் 2014இல் மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். படங்கள் நிறைந்த அறையில் அமர்ந்தபோது குழந்தைகளின் கவனம் 38.6 சதவீத நேரம் பாடத்தை விட்டு விலகியிருந்தது. படங்களற்ற அறையில் அது 28.4 சதவீதமாக இருந்தது. கற்றதைச் சோதித்தபோதும் வெறுஞ்சுவர் அறையில்தான் சரியான விடைகள் அதிகம். எல்லாவற்றையும் பிய்த்தெறிய வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. கரும்பலகை இருக்கும் சுவரையும் கூரையையும் அமைதியாக விட்டுவிட்டுப் பின்சுவரை நிரப்பலாம். அந்தப் பின்சுவரையும் நீங்களே நிரப்பாமல், ஆண்டின் தொடக்கத்தில் காலியாக விட்டு, ஒவ்வொரு குழந்தைக்கும் பெயரெழுதிய ஒரு கட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். அதில் எதை ஒட்டுவது, எப்போது மாற்றுவது என்பதை அந்தக் குழந்தையே முடிவு செய்யட்டும். தன் பெயருள்ள இடம் ஒன்று அறைக்குள் இருக்கிறது என்பதைவிடப் பெரிய வரவேற்பை எந்த அலங்காரமும் தந்ததாக எனக்கு நினைவில்லை.

நட்சத்திரங்களை நிறுத்திவிடுங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள சிறு குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டு வரைந்தவர்கள், பின்னாளில் பரிசு ஏதுமில்லாதபோது மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. ஒட்டுப்படம் தீர்ந்த நாளில் நீங்கள் கண்டது இதற்கு உறவுமுறைதான்.

மறுமொழி 3 – மூன்று நொடி

அந்த இரு குழந்தைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அழும் சிறுமியிடம் ‘அழாதே’ என்று சொல்வதைக் காட்டிலும், அவள் வந்தால்தான் நடக்கும் ஒரு வேலையை அவளுக்கெனக் கொடுத்துப் பாருங்கள். சன்னலைத் திறப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கரும்பலகையில் தேதியை எழுதுவது என்று எதுவாகவும் இருக்கலாம். விட்டுச் செல்பவரிடம் விடைபெறுதலைச் சுருக்கமாக, தினமும் ஒரே விதமாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுங்கள். போவதுபோல் போய்த் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பது அழுகையை நீட்டிக்கும். சொல்லாமல் நழுவிச் செல்வதும் வேண்டாம். மறுநாள் குழந்தை கையை விடவே மாட்டாள்.

பேசாத சிறுவனுக்குப் பேசாமலே பங்கேற்க வழி வேண்டும். வருகைப்பதிவின்போது நான் பெயர்களை வாசிப்பதில்லை. வாசலருகே ஒரு பலகையில் பெயர் அட்டைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பேன். உள்ளே வரும் குழந்தை தன் அட்டையைத் திருப்பி, அன்றைய கேள்விக்கு விடையான பக்கத்தில் மாட்ட வேண்டும். ‘மழை பிடிக்குமா, வெயில் பிடிக்குமா’ என்ற அளவில்தான் கேள்வி இருக்கும். வாய் திறக்காமலே அவன் கருத்துச் சொல்லிவிடுகிறான். யார் வரவில்லை என்பது எனக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. கேள்வி கேட்ட பின் காத்திருக்கவும் பழகுங்கள். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டித்தால் விடைகள் நீள்வதுடன் வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்பதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே கண்டறிந்தார். உங்களைப் போலக் கணிதம் கற்பித்தவர்களுக்கு மூன்று நொடி மௌனம் மிக நீண்டதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். பள்ளி திறந்த முதல் மாதத்தில் பேசாமலிருப்பது இயல்பு. அதன் பிறகும் வீட்டில் சரளமாகப் பேசிக்கொண்டு பள்ளியில் மட்டும் பேசாமலிருப்பது ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அது பதற்றத்தால் வரும் தேர்வுநிலைப் பேச்சின்மையாக இருக்கக்கூடும். பெற்றோரிடம் பேசி, குழந்தை உளவியலாளரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ‘பேசினால் தருகிறேன்’ என்று ஆசை காட்டவோ எல்லோர் முன்னும் வற்புறுத்தவோ கூடாது. பிறகு எப்போதாவது பேசிவிட்டால் கைதட்டி ஆரவாரம் செய்யவும் கூடாது.

மறுமொழி 4 – மணியடிப்பவர்

மேலே சொன்னவை அனைத்தும் காலையில் வாசலில் நிற்க முடிந்தவர்களுக்குப் பொருந்தும். எனக்குக் காலையில் விளையாட்டிடக் கண்காணிப்பு இருப்பதால், குழந்தைகளுக்குப் பின்னால்தான் வகுப்புக்குப் போகிறேன். அதனால் வாரம் ஒரு குழந்தையை வரவேற்பாளராக நியமித்தேன். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பதும் புதிதாக யாராவது வந்தால் இடம் காட்டுவதும் அவர் பொறுப்பு. குழந்தைகள் இதை என்னைவிடக் கண்டிப்பாகச் செய்கிறார்கள். ஒருமுறை ஒரு பெயரை நான் இரண்டு மாதமாகத் தவறாக உச்சரித்து வந்திருக்கிறேன் என்று வரவேற்பாளர்தான் திருத்தினார். முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குழந்தையிடமும் ‘உன் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்’ என்று கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவரின் பதில் – இரண்டாம் வகுப்பு ஆசிரியை

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முடிவுறாத கோடு வரிசையை நகர்த்திவிட்டது. நட்சத்திரங்களை நிறுத்திய முதல் மூன்று நாட்கள் கடினமாக இருந்தன. இப்போது யாரும் கேட்பதில்லை. வண்ணத்துப்பூச்சிகளைக் கழற்றியபோது குழந்தைகள் தீவிரமாக எதிர்த்ததால், அவற்றைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பாதி இப்போது பின்சுவரின் கட்டங்களில் இருக்கின்றன. தேதி எழுதும் சிறுமி இன்னமும் சில நாட்களில் அழுதுகொண்டேதான் எழுதுகிறாள், ஆனால் எழுதுகிறாள். சிறுவன் பேசவில்லை, அட்டையை மட்டும் தினமும் மழைப் பக்கத்தில் மாட்டுகிறான், கேள்வி மாறினாலும் அதே பக்கம்தான். அவனுடைய பெற்றோரை வரும் வாரம் சந்திக்கிறேன். அவர்களிடம் முதலில் எதைக் கேட்பது என்று ‘மூன்று நொடி’ அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.