‘அமர்ந்திருந்து’ன்னா சும்மா இருக்கிறதா?

சாம்: ஒரு ஜெபமுறை ஃபார்வர்டுல வந்துச்சு. காலையில 20 நிமிஷம், சாயங்காலம் 20 நிமிஷம். ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, வர்ற நினைப்பையெல்லாம் விட்டுடணுமாம், அது வசனமா இருந்தாலும். ஆதாரம் சங்கீதம் 46:10, ‘நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’. சரியா இது?

பெரியப்பா: வேதம் கையில இருக்கும்போது இதெல்லாம் எதுக்குடா? வேதவாக்கியமே மனுஷனைத் தேறினவனாக்கும்னு சொல்ற 2 தீமோத்தேயு 3:16,17 வாசி. அது போதும்.

ரூத் அக்கா: சாம், அது சென்டரிங் பிரேயர். 1970கள்ல அமெரிக்காவுல ஸ்பென்சர் மடத்து டிராப்பிஸ்ட்ங்கிற கத்தோலிக்கத் துறவிகள் வடிவம் கொடுத்தது. மூலம், 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துல பேர் தெரியாத ஒருத்தர் எழுதின ‘அறியாமையின் மேகம்’. ஆனா அந்த நூலோட 35-ஆம் அதிகாரமே வாசிப்பு, தியானம், ஜெபம் மூணும் முதல்ல வேணும்னு சொல்லுது. ஃபார்வர்டு பண்றவங்க அதை விட்டுடுவாங்க 🙂

ரூத் அக்கா: 46:10-ஐ 9-ஓட சேர்த்து வாசி. வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார், இரதங்களைச் சுட்டெரிக்கிறார். அதுக்கப்புறம்தான் ‘அமர்ந்திருந்து’. எபிரெயத்துல ‘ராபா’, கையைத் தளர்த்தி விடுறது. சண்டை போடுற ஜாதிகளுக்குச் சொன்ன அதட்டல்னே எனக்குப் படுது. மனசைக் காலியாக்குற பயிற்சிக்கு அந்த வசனம் நிக்காது.

சாம்: அப்போ சங்கீதம் 1-ல ‘இரவும் பகலும் தியானம்’?

ரூத் அக்கா: அது ‘ஹாகா’. வாய்க்குள்ள முணுமுணுக்கிறது. ஏசாயா 31:4-ல இரை மேல நின்னு சிங்கம் உறுமுறதுக்கும் அதே சொல்தான். முணுமுணுக்க வாயில வார்த்தை வேணுமில்ல?

பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்றேன். வெளியே இருந்து வர்ற வார்த்தை இல்லாம தேவன் ஆவியைத் தர்றதில்லைன்னு சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1537-லயே ஸ்மால்கால்ட் கட்டுரைகள்ங்கிற விசுவாச அறிக்கையில எழுதிட்டார்.

ரூத் அக்கா: அதே லூத்தர்தான் அப்பா, 1518-ல ‘ஜெர்மன் இறையியல்’ங்கிற மறைஞான நூலை (தேவனோட உள்ளுக்குள்ள ஒன்றிப்போறதைப் பத்தினது) முன்னுரை போட்டு அச்சிட்டார் 😄

சித்தி: அத்தான், மறைஞானிகளையும் கேளுங்க. 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவி சிலுவை யோவான், ‘கர்மேல் மலையேற்றம்’ 2-ஆம் புத்தகம், 22-ஆம் அதிகாரம். தரிசனம் கேட்கிறவனைக் கண்டிக்கிறார். எபிரெயர் 1:1,2-ஐ வச்சு, குமாரன்ல தேவன் எல்லாத்தையும் சொல்லி முடிச்சாச்சுங்கிறார். மோசேயோட முகமுகமாப் பேசின தேவன், நியாயம் விசாரிக்க ஆட்களை வைங்கிற யோசனையை மாமனார் எத்திரோ வாயால வரவிட்டதையும் அங்கேதான் எடுத்துக்காட்டுறார். உள்ளுக்குள்ள கேட்கிற சத்தம் வேதத்தோட ஒத்துப்போகலைன்னா தூக்கிப்போடுன்னு அதே ஸ்பெயின் துறவி அவிலா தெரேசாவும் 1577-ல எழுதினாங்க.

பெரியப்பா: சரி, அப்போ தப்பு எங்கே நடக்குது?

சித்தி: வரிசையில. 12-ஆம் நூற்றாண்டு கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ நாலு படி சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியான நோக்கு. வாசிப்பு இல்லாத தியானம் வழிதவறும், தியானம் இல்லாத வாசிப்பு வறண்டுபோகும்னார். இப்போ பாதிப்பேர் நேரா நாலாவது படியில ஏறுறாங்க. மீதிப்பேர் முதல் படியிலேயே அதிகாரம் எண்ணிக்கிட்டு இருக்காங்க. வேதத்தை ஆராய்ஞ்சும் என்கிட்ட வர மனசில்லைன்னு இயேசு சொன்ன யோவான் 5:39,40 அவங்களுக்குத்தான்.

பெரியப்பா: அது எனக்கா? 😅

சாம்: செய்முறை சொல்லுங்க சித்தி.

சித்தி: மாற்கு 10:46-52 எடு, குருடன் பர்திமேயு பார்வை பெற்ற பகுதி. ஏழே வசனம், அரைமணி நேரம். முதல்ல 32-ல இருந்து ஒரு தரம் ஓட்டமா வாசி. அப்புறம் அந்த ஏழை மட்டும் சத்தமா, மெதுவா, ரெண்டு தரம். 51-ல ‘நான் உனக்கு என்ன செய்யவேண்டும்’னு இயேசு கேட்கிறார் பாரு, அங்கே நில்லு. அதே கேள்வியை 36-ல யாக்கோபுகிட்டயும் யோவான்கிட்டயும் கேட்டிருப்பார். அவங்க கேட்டது சிம்மாசனத்துக்குப் பக்கத்துல இடம். இவன் கேட்டது பார்வை. 51-ஐ மட்டும் பிச்சு எடுத்தா ‘கேட்டது கிடைக்கும்’னு வாக்குத்தத்த அட்டையாயிடும். உன் ஜெபம் அந்த ரெண்டு பதில்ல எதுன்னு பார்த்து, அதையே ஜெபிச்சு முடி.

சாம்: கடைசிப் படி அமைதி?

சித்தி: தானா வந்தா இரு. வரலைன்னா எழுந்து வேலையைப் பாரு. அதைக் கடிகாரம் வச்சு வரவழைக்க முடியாது.

ரூத் அக்கா: ‘கர்த்தர் சொன்னார்’னு ஏதாவது தோணினா தேதி போட்டு எழுதி வை, ரெண்டு மூத்த விசுவாசிகள்கிட்ட காட்டு. பலிச்சிருச்சுங்கிறது மட்டும் சாட்சி இல்ல. உபாகமம் 13:1-3-ல அடையாளம் பலிச்சும் அந்தத் தீர்க்கதரிசி பொய்யன்தான்.

சாம்: சரிக்கா. ராத்திரி ஆரம்பிக்கிறேன்.

பெரியப்பா: 32-ல இருந்து வாசிடா. 46-ல குதிக்காதே.